மூன்றாவது பந்து

சோதனை அறை
14 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, பழைய முதுகுவலி எட்டிப் பார்க்கிறதா என்று எழுது. போனில் கேட்டுக்கொள்ளலாம் என்றால் உன் மரக்கூழ் முகாமுக்கு இன்னும் டவர் வரவில்லை. பத்து நாளைக்கு ஒரு லாரி, அதில் ஒரு தபால் பை. கம்பெனி உன்னை வேலைக்கு அனுப்பியதா வனவாசத்துக்கு அனுப்பியதா என்று தெரியவில்லை. நீயே கேட்டு வாங்கிக்கொண்டு போன மாற்றல், யாரைக் குறை சொல்ல.

இங்கே தொழிற்சாலை ஓடுகிறது. நான் வழக்கம்போல் சோதனை அறையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை மெஷினில் வைத்து நசுக்கி, எத்தனை கிலோவுக்கு எது பணிந்துபோகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத வந்தது அதுவல்ல, சாஃப்ட்பால். இந்த வருஷம் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுகிற நம் கலப்பு அணிக்கு நான்கு ஆட்டம் முடிந்துவிட்டது. உன் தங்கை அடித்த பந்து ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை. 'பீரங்கி, பீரங்கி' என்று கத்துகிற கூட்டம் போன சனிக்கிழமை கொட்டாவி விட்டது. எனக்கு மானம் போகிறது.

காரணம் எனக்குத் தெரியும். உன் இடத்துக்கு ஸ்டோரில் ஒரு புது ஆள் வந்திருக்கிறான். கேட்டால் தலையை ஆட்டுவான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்தது நான்தான். நீ கட்டியிருந்த பந்துப் பையை இப்போது அவன்தான் இடுப்பில் கட்டியிருக்கிறான், யார் பேட் பிடித்தாலும் பந்து எடுத்துக் கொடுப்பது அவன்தான். ஆண் பேட் பிடித்தால் பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்து, பெண் பிடித்தால் பதினொன்று. சின்னது சுலபமாகப் பறக்கும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆறு வருஷம் வலது பையில் பெரியதும் இடது பையில் சின்னதுமாகக் கட்டி நின்றவனுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, இந்த ஆள் எனக்கு மட்டும் பெரிய பந்தைத் தள்ளிவிடுகிறான். கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் கை சொல்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை


முகாம்
29 ஜனவரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. குளிர் பழகிவிட்டது, முதுகும் அடங்கியிருக்கிறது. நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பந்தை விடு. ஆறு வருஷம் அடித்த தோள், கொஞ்சம் அசந்திருக்கும். உனக்கும் இருபத்தொன்பது ஆகிறது. அடிக்கும்போது முழங்கை தாழ்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல். பத்து நாள் ஓய்வு கொடு. எல்லோருக்கும் ஒரு சீசன் இப்படிப் போகும்.

புது ஆளைப் பற்றித் தப்பாகப் பேசாதே. வந்த இடத்தில் நிலைக்கட்டும். பேச்சு குறைவு என்பது குற்றமில்லை.

உன் அண்ணியிடம் நான் சுகம் என்று சொல்.

அண்ணன்


சோதனை அறை
8 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது தேவலை. நீ அங்கே வெந்நீர் குடிக்கிறாயா?

என் முழங்கையில் ஒன்றும் தாழவில்லை. பசைப் பிரிவு மேஸ்திரியை நிற்கவைத்துப் பார்த்தாகிவிட்டது. 'கை சரியாத்தான் இருக்கு, பந்துதான் போகமாட்டேங்குது' என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. என் முறை வந்தது, ஊமைக்கோட்டான் பந்து வீசுகிற பிட்ச்சரிடம் பந்தை எறிந்தான், நான் பேட்டைக் கீழே போட்டுவிட்டு, "அம்பயர், இந்தப் பந்தை அளந்து பாருங்க" என்றேன். பையில் தயாராக டேப்பும் வைத்திருந்தேன். மைதானமே எழுந்து நின்றது. அம்பயர் சுற்றி அளந்தார். பதினொன்று. மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் பதினொன்று. "டெய்லர் கடை வெச்சுக்கலாம்மா நீங்க" என்று எதிரணியில் ஒருத்தன் சொன்னான். அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை. பந்தை வாங்கித் துடைத்துப் பிட்ச்சரிடம் கொடுத்துவிட்டு அதே இடத்தில் போய் நின்றான். திருட்டுப் பூனைதான் அவ்வளவு அமைதியாக இருக்கும்.

இன்னொன்று கேள். அன்றைக்குப் பசைப் பிரிவிலிருந்து ஒரு புதுப் பெண் ஆடினாள். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான். பேட்டைத் துடைப்பம் பிடிப்பதுபோல் பிடிக்கிறாள். அவள் அடித்தது வேலிக்கு வெளியே போய் விழுந்தது. பேக்கிங் அக்கா, இத்தனை வருஷமாகப் பாதி மைதானத்தைக்கூடத் தாண்டி அடிக்காதவர், அவர் அடித்ததும் போய் வேலியில் மோதியது. எனக்கு மட்டும் செத்துப்போகிறது. இது எப்படி? அளவு சரியாக இருந்தால் வேறு ஏதோ இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு பந்து, எனக்கு ஒரு பந்து.

அண்ணி அன்று மைதானத்துக்கு வந்திருந்தார். ஆட்டத்தை விட்ட இந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கமே வராதவர். அந்தப் புதுப் பெண் அடித்ததைப் பார்த்தார். உடனே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். கேட்டால் தலைவலி என்கிறார்.

எனக்கு ஒரு விஷயம் சொல். ஒரு பந்துக்காரன் நினைத்தால் தில்லுமுல்லு செய்ய முடியுமா? ஒரே அளவுப் பந்தில்? உன்னைத் தவிர யாரைக் கேட்பது.

உன் தங்கை


முகாம்
20 பிப்ரவரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். உன் அண்ணியின் ஜலதோஷம் போய்விட்டதா?

நீ கேட்டதற்குப் பதில், முடியாது. அளவு சரியென்றால் பந்து சரி. அம்பயர் அளந்து சொல்லிவிட்டார், அதோடு விடு. யார் மேலும் புகார் கிகார் என்று போகாதே. ஒருத்தர் பிழைப்பு சம்பந்தப்பட்டது.

வேறொரு வேலை. நம் வீட்டுப் பரணில் என் பழைய சாக்கு ஒன்று கிடக்கிறது, ஓய்ந்துபோன பந்துகள். எலி கூடு கட்டிவிடும். குப்பை வண்டி வரும்போது அப்படியே போட்டுவிடு. பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. உன் அண்ணிக்குத் தூசி ஆகாது, அவளை ஏற்றாதே. நீயே செய்.

பனி அதிகம். கை விறைத்துப்போவதால் அதிகம் எழுத முடியவில்லை.

அண்ணன்


சோதனை அறை
2 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். கை விறைக்கிறது என்றாயே, உறை போட்டுக்கொள். அண்ணி கம்பளி நூலில் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறார், அடுத்த லாரியில் வரும்.

நீ கோபித்துக்கொள்ளாதே, நான் புகார் கொடுத்துவிட்டேன். நலத்துறை அதிகாரியிடம், எழுத்தில், கையெழுத்துப் போட்டு. 'பந்துக்காரர் பெண்களிடையே பாரபட்சம் காட்டுகிறார், அணித்தலைவியின் ஆட்டத்தைத் திட்டமிட்டுக் கெடுக்கிறார்' என்று நானே வாசகம் போட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

வேறு என்ன செய்ய? இந்த வேலையே எனக்கு இந்த ஆட்டம் போட்ட பிச்சை. வேலியைத் தாண்டித் தாண்டி அடித்ததால்தான் தற்காலிகத்திலிருந்து நிரந்தரமானேன், பசைப் புகையிலிருந்து இந்தக் கண்ணாடி அறைக்கு வந்தேன். இப்போது காண்டீனில், 'பழைய பீரங்கி, மருந்து தீர்ந்துபோச்சு' என்று என் காதுபடப் பேசுகிறார்கள். எனக்கு ஆட்டம் வராது என்றால் நான் யார்?

நீ ஏன் அவனுக்குப் பரிந்து பரிந்து பேசுகிறாய் என்றும் புரியவில்லை. என் பக்கம் ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?

சாக்கை இன்னும் போடவில்லை. ஏணியை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.

உன் தங்கை


சோதனை அறை
30 மார்ச்

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு மாதம் ஆகப்போகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணி தினமும் கேட்கவில்லை, ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறார்.

அந்த ஆளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை மே பன்னிரண்டாம் தேதி. குற்றம் என்று தெரிந்தால் வேலையே போய்விடும். இல்லையென்று தெரிந்தால் பொய்ப்புகார் கொடுத்ததற்காக என்னைத் தலைவி பதவியிலிருந்து எடுப்பார்கள். நான் ஜெயிப்பேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

நேற்று அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். சண்டை போடத்தான் வருகிறான் என்று நினைத்து நான் மெஷினை ஓடவிட்டேன், சத்தத்தில் பேச முடியாதபடி. அவன் அது நிற்கிறவரை நின்றான். பிறகு சொன்னான்:

"நான் உங்களுக்கு ஒண்ணும் செய்யலைங்க. உங்க அண்ணன் பையைக் கைமாத்தும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாரு. 'லேடீஸ் எல்லாருக்கும் ஒரே சின்னப் பந்தைப் போடு. ஆளுக்கு ஆள் மாத்தாதே'ன்னாரு. அதையேதான் செய்யறேன். ஒரு பந்தை மூணு ஆட்டத்துக்கு வெச்சுக்கறேன், அப்புறம் மாத்தறேன். எல்லாருக்கும் அதே பந்துதான்."

"அதை ஏன் அவர் சொல்லணும்? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றேன்.

"அதைத்தான் நானும் யோசிச்சேன்" என்றான்.

அண்ணா, நானும் ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். சோற்றைக் கையால் சாப்பிடு, காலால் சாப்பிடாதே என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? ஆளுக்கு ஆள் பந்தை மாற்றலாம் என்கிற எண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது?

உடனே பதில் எழுது.

உன் தங்கை


முகாம்
11 ஏப்ரல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலமே. மண் சரிவில் பாதை அடைபட்டு ஒரு மாதமாக லாரி வரவில்லை. அதனால்தான் தாமதம். கம்பளி உறை கிடைத்தது.

புகாரை வாபஸ் வாங்கிவிடு. தோள்வலியில் ஆத்திரப்பட்டு எழுதிவிட்டேன் என்று ஒரு கடிதம் கொடு, பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய சீசன் பந்துகளைப் பற்றி யாராவது கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். உண்மையும் அதுதான்.

சாக்கைப் போட்டாயா?

அண்ணன்


சோதனை அறை
19 ஏப்ரல்

அண்ணா,

நாங்கள் நலம். உன் நலத்தை லாரி டிரைவரிடம் விசாரித்துக்கொண்டேன். "நல்லாத்தாம்மா இருக்காரு. போன மாசம் மூணு தடவை போனேன், மூணு தடவையும் பார்த்தேன்" என்றார். மண் சரிவு பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏணியைக் கண்டுபிடித்துவிட்டேன். யாரும் எடுத்துப் போகவில்லை, நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

முதலில் ஊமைக்கோட்டானின், இல்லை, அவரை இனிமேல் அப்படிச் சொல்லக் கூடாது, பந்துக்காரரின் பந்துகளைச் சொல்கிறேன். இந்த சீசனில் ஆடிய சின்னப் பந்துகள் ஐந்தையும் அதிகாரியிடம் கேட்டு வாங்கி, பெட்டி நசுக்குகிற மெஷினில் வைத்தேன். கால் அங்குலம் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்று பார்த்தேன். எல்லாம் நூற்று நாற்பதை ஒட்டித்தான். ஒன்றுக்கொன்று இரண்டு கிலோ கூட வித்தியாசம் இல்லை. அந்த மனிதர் ஒரு பாவமும் அறியாதவர்.

பிறகு உன் சாக்கு. வீட்டில் பிரிக்கவில்லை, அப்படியே இங்கே தூக்கி வந்தேன். எல்லாமே பெண்களுக்கான பதினொரு அங்குலப் பந்துதான். வெளியே பார்த்தால் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயல். ஆனால் தையலுக்குப் பக்கத்தில் பேனா முனையால் புள்ளி வைத்திருக்கிறாய். சிலவற்றில் நீலம், சிலவற்றில் சிவப்பு. நீலப்புள்ளிப் பந்துகள் பளிச்சென்று சோப்புப் போட்டுக் கழுவியிருக்கின்றன. உள்ளே உயிர் இல்லை, நூற்றுப் பத்துக்கே பணிந்துவிட்டன. சீசன் சீசனாக அடிவாங்கி நொந்த பந்துகள். சிவப்புப்புள்ளிப் பந்துகளில் மண்ணும் டீத்தூளும் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறாய். துடைத்தால் தோல் புத்தம் புதுசு. நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபது. கெட்டியான பந்துதான் தூரம் பறக்கும். அவை அதிகம் அடிவாங்கவில்லை. ஆட்டத்துக்கு நான்கு முறை பேட் பிடிக்கிற ஒருத்தியிடம் மட்டுமே அடிவாங்கியவை.

ஸ்கோர் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் நான் வேலியைத் தாண்டியது முப்பத்தொன்பது முறை. நம் மைதானத்தில் முப்பத்தேழு. நீ பை கட்டாத வெளி மைதானங்களில் இரண்டு. 'வெளியூர்க் காற்று உனக்கு ஆகவில்லை' என்று சொல்வாயே, நானும் நம்பினேன்.

வலது பையில் ஒன்று, இடது பையில் ஒன்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இடது பையில் இரண்டு இருந்ததா? எனக்கு ஒன்று, மற்ற எல்லாப் பெண்களுக்கும் ஒன்றா?

ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

தங்கை


முகாம்
2 மே

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆமாம்.

மண் சரிவு பொய், லாரி வந்தது. உன் கடிதங்களும் வந்தன. பதில் எழுத எனக்கு முகம் இல்லை.

முதல் வருஷம் உனக்கு நினைவிருக்கும். அப்பா போய் நான்கு மாதம். நீ பசைப் பிரிவில் தற்காலிகம், வீட்டுக்கு வந்தால் விடியும்வரை இருமுவாய். அப்போதிருந்த நலத்துறை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, 'பெண்களில் இந்த சீசன் யார் அதிகம் வேலியைத் தாண்டுறாங்களோ அவங்களுக்கு ஒரு நிரந்தர இடம் வருது' என்றார். பந்துப் பை என் இடுப்பில் இருந்தது. ஒரே ஒரு ஆட்டம் என்றுதான் ஆரம்பித்தேன். நீ அடித்தது பறந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? நிரந்தரம் கிடைத்த பிறகும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் ஒரே நாளில் உன் அடி சுருங்கும், கேள்வி வரும்.

நீ கேட்காததையும் சொல்கிறேன், நீயாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால். அந்த வருஷம் அந்த இடத்துக்குப் போட்டியில் இருந்தது இரண்டு பேர். நீயும், அதே பசைப் பிரிவில் இன்னொரு பெண்ணும். பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே பந்து போடும்போது அவள் அடித்தது உன்னுடையதைவிடப் பத்தடி தாண்டி விழும். அவளை நான் தோற்கடித்தேன். அவள்தான் உன் அண்ணி. இன்றைக்கும் தற்காலிகம், எட்டு வருஷமாக.

'எனக்குக் கை வரலை, விட்டுடறேன்' என்று அவள் பேட்டை மூலையில் வைத்த அன்று நான் ஆறுதல் சொன்னேன். இரண்டு வருஷம் அந்தப் பேட் வீட்டில் நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பையைக் கட்டும்போது அவள் டீ கொண்டுவந்து கொடுப்பாள். முடியாமல்தான் இந்த மலைக்கு மாற்றல் கேட்டேன்.

விசாரணையில் என்ன சொல்ல வேண்டுமோ சொல். என் வேலை போனால் போகட்டும். அவளிடம் மட்டும் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


வீடு
17 மே

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம்.

விசாரணை முடிந்தது. மேசையில் இரண்டு பந்தை வைத்தேன், நொந்த நீலப்புள்ளி ஒன்று, கெட்டியான சிவப்புப்புள்ளி ஒன்று. அதிகாரி இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார்.

"விரலுக்கு ஒண்ணுதான் சார். மெஷினுக்கு வேற" என்று சோதனைத்தாளை நீட்டினேன்.

"நீங்க குடுத்த புகார் இந்த வருஷத்துப் பந்தைப் பத்தி."

"அந்தப் புகார் தப்பு சார். இந்த வருஷம்தான் எல்லாம் நேர்மையா நடந்திருக்கு. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம்தான் கோளாறு."

"அதைப் பத்தி யாரும் கேக்கலையேம்மா" என்றார் அவர். பாவம், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று வந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். பந்துக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஸ்கோர் புத்தகத்திலிருந்து என் முப்பத்தொன்பதையும் அடித்துவிட்டார்கள், தலைவி பதவியும் போயிற்று. என் நிரந்தரம் பற்றி மேலிடத்துக்கு எழுதுவார்களாம். உனக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். அண்ணிக்கு வந்திருக்க வேண்டிய இடத்தைப் பற்றிக் கேட்டேன். 'அதெல்லாம் பழைய கதை' என்றார். நான் விடப்போவதில்லை, இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை வாசகம் நன்றாக வரவில்லை, ஆனால் உண்மையாக இருக்கிறது.

பந்துக்காரரிடம் ஸ்டோர் வாசலில் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். பிறகு உள்ளே போய்ப் பந்துப் பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இனிமே இதை நான் கட்டமாட்டேங்க" என்றார். அதனால் இனிமேல் சனிக்கிழமைகளில் நான்தான் கட்டி நிற்பேன்.

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய். ஆறு வருஷம் அவரிடமிருந்து மறைத்த வேலைக்கு நானும் கூட்டு சேர வேண்டுமா? எனக்கு வந்ததெல்லாம் அவருடையது, இது ஒன்றாவது அவரிடம் போகட்டும். அவர் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனார். நான்தான் அழுதேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ எனக்காகத்தான் செய்தாய் என்பதும் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தங்கை


வீடு
18 மே

அவருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் போனதிலிருந்து எனக்கென்று ஒரு கடிதம் போடவில்லை. 'உன் அண்ணியிடம் சொல்', 'உன் அண்ணியை ஏற்றாதே' என்று உங்கள் தங்கைக்கு வருவதில் ஒரு வரி எனக்கு இருக்கும். எழுதுவதற்கு விஷயம் இல்லாததால் என்று நினைத்திருந்தேன். மலையில் வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். லாரி டிரைவரிடம் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை கேட் வரை போய்த் திரும்பினேன்.

உங்கள் தங்கை மூன்று நாளாக என்னை மைதானத்துக்கு இழுக்கிறாள். நல்ல பந்தாக எடுத்து வைத்திருக்கிறாளாம். "ஒரு தடவை அடிச்சுப் பாருங்க அண்ணி" என்கிறாள். நான் வரமாட்டேன் என்றேன். அடித்தது தூரம் போனால் ஆறு வருஷம் போனதை நினைத்து நான் அழ வேண்டும். போகாவிட்டால், எப்படியும் இவளுக்கு வந்திருக்காது என்று உங்கள் மனசு சமாதானமாகிவிடும். எனக்கு அந்த அழுகையும் வேண்டாம், உங்களுக்கு அந்தச் சமாதானமும் வேண்டாம்.

உங்கள் தங்கைமேல் எனக்கு வருத்தமில்லை. அவள் இருமியதை நானும் கேட்டிருக்கிறேன், பசைப் பிரிவில் பக்கத்து மேடையில்தான் நின்றோம். முதல் வருஷம் நீங்கள் செய்ததைக்கூட, கஷ்டப்பட்டு, புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். அப்போது நான் உங்களுக்கு யாரோ.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நான் இரண்டு சீசன் ஆடினேன். காலையில் என் கையால் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வந்து நிற்பீர்கள். நான் பேட் பிடித்துக்கொண்டு உங்கள் பக்கம் பார்ப்பேன், நீங்கள் பையில் கைவிட்டு எடுத்து எறிவீர்கள். ஆட்டம் முடிந்து, "ஏன் எனக்கு மட்டும் போகமாட்டேங்குது" என்று உங்களிடம்தான் கேட்பேன். 'பழகப் பழக வரும்' என்பீர்கள்.

அந்த இரண்டு வருஷம் எனக்கு எந்தப் பந்தைக் கொடுத்தீர்கள்?

அதை மட்டும் எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். தங்கைக்குப் போடுகிற கடிதத்தில் சேர்த்து எழுதவும் வேண்டாம்.

உங்கள் மனைவி


முகாம்
29 மே

என் மனைவிக்கு,

நீலப்புள்ளி வைத்தது. இரண்டு வருஷமும் அதுதான். ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் எடுத்தேன்.

உன் கணவன்